சாப்பாட்டோடு போடவா, சாப்பாடு இல்லாமல் போடவா?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். தீவா, மலையா? ரெடாங்கா, லங்காவியா? கார் போதுமா, வேன் எடுக்க வேண்டுமா? ஒரு வழியாக இடமும் தேதியும் முடிவான பிறகு, பயண முகவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்பார். "சாப்பாட்டோட போடட்டுமா, சாப்பாடு இல்லாம போடட்டுமா?"

அங்கேதான் வீடு இரண்டு கட்சியாகும். "மொத்தமா கட்டிட்டா தலைவலி இல்ல" என்பார் ஒருவர். "அந்தக் காசுக்கு வெளியே ராஜா மாதிரி சாப்பிடலாம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் ஒருவர் சொல்வது ஒரு தீவுக்குச் சரி. மற்றவர் சொல்வது வேறொரு தீவுக்குச் சரி. எந்தத் தீவு, எத்தனை வேளை, எந்த வயிறு என்று பார்க்காமல் பதில் சொன்னால் சில நூறு ரிங்கிட் வீணாகும். அதைவிட மோசம், வயதான மாமியாரோ சர்க்கரை நோயுள்ள அப்பாவோ மூன்று நாள் வெறும் சோறும் தர்ப்பூசணியும் சாப்பிட்டுத் திரும்புவார்கள். ஆகவே இந்த வாரம் அந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

பெயரில் இருக்கிறது பாதி விஷயம்

ரிசார்ட்டுகள் சாப்பாட்டை ஐந்து விதமாக விற்கின்றன. 'ரூம் ஒன்லி' என்றால் அறை மட்டும். அடுத்தது அறையும் காலைப் பசியாறலும். 'ஹாஃப் போர்டு' என்றால் காலைப் பசியாறலும் இன்னொரு வேளையும். பெரும்பாலும் இரவு உணவு. 'ஃபுல் போர்டு' என்றால் மூன்று வேளையும். 'ஆல் இன்குளூசிவ்' என்பது மூன்று வேளையோடு பானம், நொறுக்குத் தீனி, சில இடங்களில் விளையாட்டுகள் வரை எல்லாம் சேர்ந்தது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் பானம். ஃபுல் போர்டு என்ற பெயரைக் கேட்டதும் எல்லாம் அடங்கும் என்று நினைத்துவிடுகிறோம். பல இடங்களில் அந்த விலையில் சாப்பாடு மட்டும்தான். குளிர்பானத்துக்கும் பழச்சாற்றுக்கும் தனிப் பில் வரும். சில இடங்களில் போத்தல் தண்ணீருக்கும் வரும். நாள் முழுக்க வெயிலிலும் உப்பு நீரிலும் கிடக்கும் பிள்ளைகள் எவ்வளவு குடிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். "தண்ணி சேர்த்தா, தனியா?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதலில் வேளைகளை எண்ணுங்கள்

'மூன்று நாள், இரண்டு இரவு, சாப்பாடு உட்பட' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் நம் மனம் மூன்றை மூன்றால் பெருக்கி ஒன்பது வேளை என்று கணக்கிட்டுக்கொள்ளும். உண்மையில் ஒன்பது கிடைக்காது.

கிழக்குக்கரைத் தீவுப் பயணம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் காலையில் படகேறி, நண்பகல் வாக்கில் தீவில் இறங்குகிறோம். அன்று மதியமும் இரவும் இரண்டு வேளை. இரண்டாம் நாள் மூன்று வேளை. மூன்றாம் நாள் பசியாறிவிட்டு அறையைக் காலி செய்து படகுக்குப் போகிறோம். அது ஒரு வேளை. மொத்தம் ஆறு. பெரும்பாலான அறைகளில் காலைப் பசியாறல் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால், அந்த இரண்டையும் கழியுங்கள். மிச்சம் நான்கு. அதாவது, சாப்பாட்டுக்காக நீங்கள் கூடுதலாகக் கட்டும் பணம் நான்கே வேளைக்கு.

இனிக் கணக்கு எளிது. சாப்பாட்டோடு என்ன விலை, பசியாறலோடு மட்டும் என்ன விலை என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வரும் தொகையைக் கூடுதல் வேளைகளால் வகுத்துப் பாருங்கள். முகவர் ஒரு விலையை மட்டும் சொன்னால், இன்னொன்றையும் கேட்காமல் விடாதீர்கள். ஒற்றை விலையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கணவன், மனைவி, மாமியார், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். விலைகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் முகவர் சொல்லும் எண்களை இதில் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்காகப் பெரியவர் ஒருவருக்கு 180 ரிங்கிட், பிள்ளை ஒன்றுக்கு 90 ரிங்கிட் கூடுதல் என்று வைப்போம். மூன்று பெரியவருக்கு 540, இரண்டு பிள்ளைக்கு 180, ஆக மொத்தம் 720 ரிங்கிட். நான்கு வேளைக்கு வகுத்தால், ஒரு வேளைக்குக் குடும்பத்துக்கு 180 ரிங்கிட். பெரியவர் தட்டு 45, பிள்ளையின் தட்டு 22 ரிங்கிட் 50 காசு.

இது அதிகமா, குறைவா? இந்த எண்ணை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அடுத்த கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் சொல்லலாம்.

அடுத்த அடுப்பு எவ்வளவு தூரம்?

ரிசார்ட்டின் வாசலைத் தாண்டி நடந்துபோகும் தூரத்தில் வேறு யாராவது சமைத்து விற்கிறார்களா? முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

இருக்கிறது என்று வையுங்கள். கடற்கரையோரம் நாசி கோரெங், மீ, வறுத்த மீன் விற்கும் கடைகள். ஐந்து பேருக்கும் பானத்தோடு சேர்த்து ஒரு வேளைக்கு 125 ரிங்கிட் ஆனால், நான்கு வேளைக்கு 500. சாப்பாட்டுத் திட்டம் 720. திட்டம் எடுத்தால் 220 ரிங்கிட் கூடுதல்.

இல்லை என்று வையுங்கள். ரிசார்ட்டின் சொந்த உணவகம் மட்டும்தான். மெனு அட்டையில் பெரியவருக்கு 55, பிள்ளைக்கு 30 என்றால் ஒரு வேளைக்கு 225 ரிங்கிட். அத்தோடு முடியாது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அர்த்தம். நம் நாட்டில் 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கான வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவு பானத்துக்கு 6 விழுக்காடாகவே இருந்துவருகிறது. ரிசார்ட் போடும் 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 16. ஆக 225 என்பது 261 ஆகிறது. நான்கு வேளைக்கு 1,044 ரிங்கிட். இப்போது அதே 720 ரிங்கிட் திட்டம் உங்களுக்கு 324 ரிங்கிட் மிச்சம் பிடித்துத் தருகிறது.

அதே குடும்பம், அதே திட்டம், அதே விலை. வெளியே ஓர் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதுதான் ஓரிடத்தில் நட்டத்தையும் இன்னோரிடத்தில் லாபத்தையும் தருகிறது.

இனி நம் தீவுகளை வரிசையாகப் பாருங்கள். திரெங்கானுவின் ரெடாங்கில், ரிசார்ட்டுகள் படகு, அறை, சாப்பாடு, ஸ்நோர்கெலிங் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்வது வழக்கம். நீளமான கடற்கரையில் பல விடுதிகள் அடுத்தடுத்து இருந்தாலும், கடைத்தெரு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அங்கே சாப்பாட்டோடு எடுப்பதே பெரும்பாலும் நல்லது.

கோல பெசுட்டிலிருந்து படகேறும் பெர்ஹெந்தியான் கதை வேறு. பெர்ஹெந்தியான் கெச்சிலில், லோங் பீச்சிலும் கோரல் பேயிலும் சிறு சாப்பாட்டுக் கடைகள் உண்டு. இரண்டு கடற்கரைக்கும் இடையே நடந்தே போகலாம். மீனவர் கிராமத்திலும் கடைகள் உண்டு. அங்கே பசியாறல் மட்டும் போதும். ஆனால் அதே பெர்ஹெந்தியானில், தனியாக ஒரு சிறு கடற்கரையில் ஒதுங்கிய விடுதியில் அறை எடுத்தால் கதை மாறும். இரவில் சாப்பிடப் போக ஒவ்வொரு முறையும் படகுக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டும். அதுவும் ஆள் கணக்கில். தீவின் பெயரை மட்டும் கேட்டால் போதாது, எந்தக் கடற்கரை என்றும் கேளுங்கள்.

தியோமானும் அப்படியே. தெக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங், ஜுவாரா என்று கம்பம் கம்பமாகப் பிரிந்து கிடக்கும் தீவு அது. கம்பத்துக்குள் தங்கினால் கடை உண்டு. ஒதுக்குப்புற ரிசார்ட்டில் தங்கினால் அந்த ரிசார்ட்டின் சமையலறைதான் கதி.

லங்காவிக்கு நேர்மாறான பதில். பந்தாய் செனாங்கில் தங்கினால் காலடியில் கடைகள். தோசை முதல் தோம் யாம் வரை கிடைக்கும். கார் வாடகைக்கு எடுத்தால் குவா நகரம். இரவுச் சந்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊரில் கூடும். லங்காவியில் இரவு உணவை முன்கூட்டியே கட்டிவிட்டால், சந்தையில் பிள்ளைகள் ஆப்பம் பாலேக்கையும் சாத்தேயையும் பார்த்து நிற்கும்போது, "வா வா, ரிசார்ட்ல காசு கட்டியாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

பங்கோரில் நமக்குக் கவலையே இல்லை. லுமுட்டிலிருந்து ஃபெர்ரி. தீவில் ஊர் இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள், கடலைப் பார்த்தபடி பத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது. மீன்பிடி ஊர் என்பதால் கடல் உணவுக்கும் குறைவில்லை. அங்கே மூன்று வேளையும் ரிசார்ட்டுக்குள் சாப்பிடுவது, ஊருக்குப் போய் ஊரைப் பார்க்காமல் வருவது போல.

மாலத்தீவு தனிக் கணக்கு

திருமணமான புதுத் தம்பதிகள் இப்போது தேடிப் போகும் இடம் மாலத்தீவு. அங்கே வழக்கம் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். சுற்றிலும் கடல். மீனைத் தவிர பெரும்பாலான உணவுப் பொருள்கள் கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குபவை. 'அடுத்த அடுப்பு' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அங்கே ஏதாவது ஒரு சாப்பாட்டுத் திட்டம் எடுத்தே ஆக வேண்டும். எது என்பதுதான் கேள்வி.

வரியை முதலில் பாருங்கள். அங்கே 10 விழுக்காடு சேவைக் கட்டணம். அதையும் சேர்த்த தொகைமேல் சுற்றுலாப் பொருள் சேவை வரி. அது 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. மெனுவில் 60 அமெரிக்க டாலர் என்று போட்டிருக்கும் இரவு உணவு முதலில் 66 ஆகும், பிறகு 77 டாலருக்கு மேல் போகும். இருவருக்கு 154. கையில் இருக்கும் அட்டையில் பார்த்த விலைக்கும் கடைசி நாள் அறைக் கணக்கில் வரும் விலைக்கும் அவ்வளவு இடைவெளி. ஆகவே, திட்டத்தின் விலையில் வரியும் கட்டணமும் அடங்குமா என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆல் இன்குளூசிவ் எடுத்தால் பானம் எல்லாம் அடங்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த விலையில் மதுவுக்கான தொகையும் சேர்ந்திருக்கும். மதுவைத் தொடாத தம்பதி, அடுத்த மேசைக்காரர் குடிப்பதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். அவர்களுக்கு ஹாஃப் போர்டு போதும். ஒன்பதரை மணிக்கு நிதானமாகப் பசியாறினால் மதியம் பெரும்பசி எடுக்காது. வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கும் ஒரு தேநீரும் மாலைவரை தாங்கும்.

இன்னொன்று. கடல் விமானத்தில் போகும் ரிசார்ட் என்றால், அந்த விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். கோலாலம்பூரிலிருந்து உங்கள் விமானம் மாலையில் அல்லது இரவில் இறங்கினால், முதல் இரவைத் தலைநகர்ப் பக்கமே கழிக்க வேண்டியிருக்கும். அந்த இரவின் சாப்பாடு உங்கள் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு. விமான நேரத்தையும் சாப்பாட்டுத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. அங்கே மது கிடையாது. ஆனால் கடைகள் உண்டு. சூரை மீன், தேங்காய்ப் பூ, வெங்காயம், மிளகாய் பிசைந்து ரொட்டியோடு தரும் மாஸ் ஹூனி, நம் நாக்குக்கு அந்நியமே இல்லை. அந்தத் தீவுகளில் பசியாறலோடு அறை எடுத்தால் போதும்.

யார் தட்டில் என்ன விழும்?

இதுவரை பார்த்தது சாப்பிடக்கூடியவர்களின் கணக்கு. ஆனால் ஃபுல் போர்டு விலை தலைக்கு இவ்வளவு என்று போடப்படுகிறது; பஃபே மேசையோ எல்லாத் தலைக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

நம் குடும்பங்களில் சைவம் சாப்பிடும் ஒருவராவது இருப்பார். வெள்ளி, செவ்வாய் விரதக்காரர்கள் உண்டு. புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம் என்ற வீடுகளும் உண்டு. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை வரும் அந்தப் புரட்டாசிதான், மழைக்காலம் தொடங்குவதற்கு முன் கிழக்குக்கரைத் தீவுகளுக்குப் போகக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும்கூட. முழுக் குடும்பமும் சைவத்தில் இருக்கும் மாதத்தில் இரவு பார்பிகியூவுக்குக் காசு கட்டுவதில் அர்த்தமில்லை.

சைவத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பஃபே மேசையில் கீரையும் காயும் பச்சைப் பசேல் என்று இருக்கும். ஆனால் மலாய்ச் சமையலில் காங்கோங் பெரும்பாலும் பெலாச்சானோடு வதக்கப்படும். சில காய்களில் காய்ந்த இறால், சம்பாலில் ஈக்கான் பிலிஸ், சூப்பில் கோழி எலும்புச் சாறு என்று சேர்ந்திருக்கும். சமையல்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. அவருக்கு அது காய்கறிதான். "வெஜிடேரியன் இருக்கா?" என்று கேட்டால் "அடா, அடா" என்பார். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: "பெலாச்சான், ஈக்கான் பிலிஸ், ஊடாங் கெரிங் இல்லாம ரெண்டு கறி வேளாவேளைக்குச் செஞ்சு தர முடியுமா?" இதை அங்கே போய்ச் சாப்பாட்டு வரிசையில் நின்று கேட்டால் பலனில்லை. தீவுக்குச் சாமான் படகில்தான் வர வேண்டும். பதிவு செய்யும்போதே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று நேர்மையாகச் சொன்னால், "அப்படின்னா அம்மாவுக்கு மட்டும் சாப்பாட்டைக் கழிச்சிடுங்க" என்று கேளுங்கள். ஒரு தலைக்குக் கழித்துத் தரும் இடங்களும் உண்டு, கேட்டால்தான் தெரியும்.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு என்ன உணவு என்பதோடு எப்போது உணவு என்பதும் முக்கியம். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில மாத்திரை எடுப்பவர்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு. ரிசார்ட் பஃபே ஏழரைக்குத்தான் திறக்கும் என்றால் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஸ்நோர்கெலிங் படகு தாமதமாகத் திரும்பினால் மதியச் சாப்பாடும் தள்ளிப்போகும். அதனால் நேரங்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பிஸ்கட்டும் இனிப்பும் கைப்பையில் இருக்கட்டும். சாப்பாட்டுத் திட்டம் இருக்கிறது என்ற தைரியத்தில் அதை விட்டுவிடக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் வயதைக் கேளுங்கள். எத்தனை வயது வரை இலவசம், எத்தனை வயதிலிருந்து பாதி, எப்போது முழு விலை என்பது இடத்துக்கு இடம் மாறும். பன்னிரண்டு வயது முடிந்த பிள்ளைக்கு முழு விலை கட்டிவிட்டு, அது மூன்று வேளையும் கோழி நகெட்டும் உருளைக்கிழங்கும் மட்டும் சாப்பிட்டால், அந்தத் தட்டுக்கு நீங்கள் கொடுத்த விலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

கூடவே ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காசு கட்டியாகிவிட்டது என்பதற்காகப் பிள்ளைகளை அதட்டித் தின்ன வைப்பதும், தட்டில் மலையாகக் குவித்துவிட்டுப் பாதியைக் கொட்டுவதும் நம்மிடையே உண்டு. கட்டிய காசு கட்டியதுதான். கூட இரண்டு கோழித் துண்டு தின்றால் அது திரும்பி வராது. வயிற்றுக்குத்தான் கேடு.

அம்மாவுக்கும் விடுமுறைதானே?

இப்போது கணக்கில் சேராத ஒன்றுக்கு வருகிறேன்.

நம் குடும்பங்களின் தீவுப் பயணத்தில் ரைஸ் குக்கர் ஒரு பயணியாகவே வரும். கூடவே சார்டின் டின், மேகி பாக்கெட், ஊறுகாய், வறுத்த நெத்திலி, ஒரு டின் மைலோ. செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் ஸ்நோர்கெலிங் முடிந்து எல்லாரும் மணலில் விழுந்து கிடக்கும்போது, அறைக்குள் சோறு வடிப்பது யார்? தட்டு கழுவுவது யார்? இடம் மாறுகிறதே தவிர, அம்மாவின் வேலை மாறுவதில்லை. பல ரிசார்ட்டுகளில் அறைக்குள் சமைக்கக் கூடாது என்ற விதி இருப்பதால், பயந்து பயந்து சமைக்கும் தொல்லை வேறு.

முதல் கணக்கில் சாப்பாட்டுத் திட்டம் 220 ரிங்கிட் கூடுதல் என்று வந்தது. அதை நட்டம் என்று எழுதும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூட்டு வலியுள்ள மாமியாரை மணலில் நடத்திக்கொண்டு கடை தேடும் வேலை இல்லாமல் போகிறது. "இன்னிக்கு என்ன சாப்பிடறது?" என்ற கேள்வி மூன்று நாளைக்கு ஒருவர் தலையில் ஏறாமல் இருக்கிறது. கை இழுபறியான குடும்பத்துக்கு இன்னொரு பலனும் உண்டு: எவ்வளவு செலவாகும் என்பது வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். இவற்றுக்கு 220 ரிங்கிட் தகுமா என்பதை, வழக்கமாக அந்த வேலைகளைச் செய்பவர் சொல்லட்டும். பணம் கட்டுபவர் மட்டும் முடிவு செய்யும் விஷயம் அல்ல இது.

அதே சமயம், சாப்பாடு கட்டினால்தான் அம்மாவுக்கு ஓய்வு என்றும் இல்லை. லங்காவியிலும் பங்கோரிலும் கடை பக்கத்திலேயே இருக்கிறது. கட்டாமலே ஓய்வு கிடைக்கும். செராத்திங்கில் உள்ள கிளப் மெட் போன்ற ஆல் இன்குளூசிவ் விடுதிகளில் விலை கூடுதல்தான். ஆனால் சாப்பாடு, பானத்தோடு பிள்ளைகளுக்கான நடவடிக்கைகளும் பல விளையாட்டுகளும் அதில் அடங்கும். காலையிலிருந்து மாலைவரை உள்ளேயே இருந்து எல்லாவற்றையும் அனுபவிக்கும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகலாம். குவாந்தானைச் சுற்றிப் பார்க்கக் காரெடுத்துக்கொண்டு கிளம்பும் குடும்பத்துக்கு, இல்லாத வேளைகளுக்கும் சேர்த்துக் கட்டியதாகத்தான் முடியும்.

பணம் கட்டும் முன்

முகவரிடம் கேட்க வேண்டியவற்றைச் சுருக்கித் தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டோடு என்ன விலை, பசியாறலோடு மட்டும் என்ன விலை? முதல் வேளை எது, கடைசி வேளை எது? வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா? குடிநீர், மற்ற பானங்கள் சேருமா? எத்தனை மணிக்கு உணவு, தவறினால் பொட்டலம் கட்டித் தருவார்களா? சைவத்துக்கு என்ன ஏற்பாடு? வெளியே நடக்கும் தூரத்தில் கடை உண்டா? புயலால் படகு ஓடவில்லை என்றால், சாப்பிடாத வேளைகளுக்குப் பணம் திரும்புமா? அங்கே போன பிறகு முடிவு செய்து, ஒவ்வொரு வேளையாக வாங்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால், சந்தேகம் உள்ளவர்கள் முதலில் பசியாறலோடு மட்டும் பதிவு செய்யுங்கள். ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம்.

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். பயணக் கண்காட்சியில் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போடும்போது வாயால் சொன்ன வாக்குறுதி, தீவின் படகுத்துறையில் யாருக்கும் நினைவிருக்காது. முகவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்தில் சொன்ன சாப்பாடு கிடைக்கவில்லை என்றால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். ரசீதும் வாட்ஸ்அப் பதிலும் கையில் இருந்தால் போதும், உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

கடைசியாக ஒன்று. இரவு மேசையைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து, யாரும் எழுந்து பரிமாறாமல், யாரும் கைப்பேசியில் கணக்குப் போடாமல் சாப்பிடும் நாள்கள் நமக்கு ஆண்டுக்கு எத்தனை கிடைக்கின்றன? அந்த மேசை ரிசார்ட்டுக்குள் இருந்தாலும் சரி, கடற்கரைக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியோடு இருந்தாலும் சரி. மாமியார் தட்டிலும் சாப்பிடக்கூடியது இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒரு மேசை எங்கே கிடைக்கும் என்று பார்த்து, பணத்தை அங்கே கட்டுங்கள்.